இண்டிகோ மரினாவுக்கு நீள ஸ்பிரிங்: 25 மி.மீ. போதும், 40 வேண்டாம்

குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும்போது ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் அண்டாவும் வைத்தால் டாடா இண்டிகோ மரினா காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைச் சாலைகளில் அப்புறம் அடி தட்டாமல் வர முடியாது. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை என்பது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஊருக்குள் ஆளாளுக்குப் போட்டு வைத்திருப்பதற்கு அந்த அகலத்தில் கால்வாசிகூட இருக்காது. நீளமான கார் அதன் முகட்டில் வயிற்றைத் தேய்ப்பதில் வியப்பில்லை.

இதற்கு விற்கப்படும், கம்பெனி ஸ்பிரிங்கைவிட நீளமான ஸ்பிரிங் செட் நல்ல தீர்வுதான், வண்டி 25 மி.மீ. உயரும் வரைக்கும். வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், சுருள் நுனி உடைந்தும் இருக்கலாம். அப்படியானால் முதலில் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

கடையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். அது பாதிக் கணக்குதான். ஒரு ஸ்பிரிங்கின் மேல் 300 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். மி.மீ.க்கு 2 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங், அதாவது ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்பது, 150 மி.மீ. அமுங்கும். 2.4 கிலோ விறைப்புள்ளது 125 மி.மீ.தான் அமுங்கும். இரண்டும் வெளியே ஒரே நீளம். வண்டியிலோ 25 மி.மீ. வித்தியாசம். விறைப்பு கம்பிக் கனத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது. 12 மி.மீ. கம்பி 12.5 ஆனால் 18 சதவீதம், 13 ஆனால் 38 சதவீதம். அதனால் வெர்னியர் அளவுகோலால் கம்பியின் கனத்தை அளந்து, சுற்றுகளையும் எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள். கம்பி கனத்து, நீளமும் கூடினால் உயரம் இரண்டு வழியாகவும் ஏறும். காலி வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றால் காரணம் இதுதான்.

டீசல் எஞ்சின் எடை கூடியது என்பதால் முன் ஸ்பிரிங் டீசலுக்கு வேறு, பெட்ரோலுக்கு வேறு. பின்பக்கத்துக்கு இண்டிகாவுடையதை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். இண்டிகாவின் பின்பக்கம் செமி டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தைப் பிடிக்கும் சாய்வான கை), இண்டிகோ, மரினாவில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிற்கும் தூண்); அமைப்பே வேறு.

மற்ற வழிகளையும் சொல்லிவிடலாம். சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் மலிவு, பின்பக்கச் சுமைக்குத் தற்காலிகமாக உதவும். ஆனால் அது பிடித்திருக்கும் சுருள் வேலை செய்யாது. அழுத்தம் பக்கத்துச் சுருளுக்குப் போகும், இடையில் மண்ணும் தண்ணீரும் தங்கித் துருவேறும். ஸ்ட்ரட் பாடியில் மாட்டும் மவுண்டுக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் கட்டை விறைப்பை மாற்றாது, ஷாக் (ஷாக் அப்சார்பர்) நீண்டு சுருங்கும் ஓட்டத்தையும் குறைக்காது. ஆனால் சக்கரம் தொங்கும்போது, அதைச் சுழற்றும் ஆக்சிலின் மூட்டான ஆக்சில் ஜாயின்ட் கூடுதலாகச் சாயும். பழைய ஸ்பிரிங்கைச் சூடேற்றி இழுத்துக் கொடுக்கும் பட்டறை வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். மறுபடி தளரும், இல்லாவிட்டால் உடையும்.

40 மி.மீ. ஏன் கூடாது? ஷாக்கின் மொத்த ஓட்டம் மாறுவதில்லை. வண்டியை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு, சக்கரம் கீழிறங்கும் ஓட்டம் குறையும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்கி, ஷாக் தண்டு முனையில் 'டக்' என்று இடிக்கும். ஆக்சில் ஜாயின்ட் எப்போதும் சாய்ந்தே சுழன்று தேயும், அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். லிங்க் ராடும் கோணல். சிறுமலை ஏற்றம் மாதிரி ஊசி வளைவுகளில் வண்டி சாய்வதும் கூடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஸ்பிரிங் தூக்குவது பாடியை, எஞ்சினை, சைலன்சரை. சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் சக்கரப் பக்கம் பழைய இடத்திலேயேதான் இருக்கும். அதைத் தூக்க டயர்தான் வழி. 175/65 போய் 175/70 வந்தால் சுமார் 9 மி.மீ. கிடைக்கும், ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும்.

மாட்டும் வேலையில் மெக்கானிக் சுருக்குவழி தேடும் இடங்கள் சில உண்டு. ஸ்ட்ரட்டைச் சக்கரத் தாங்கியோடு (நக்கிள்) இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றுமுன் அவை இருந்த இடத்தைக் கோடு கிழித்துக் குறிக்க வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரின் இரு கொக்கிகளும் நேரெதிரே நிற்க வேண்டும். சுருள் இருக்கையை விட்டுத் தளர்ந்து கையால் சுற்ற வந்த பிறகுதான் ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடலாம். அதற்கு முன் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். சுருளின் நுனி இருக்கையின் படியில் போய் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் ஸ்டீயரிங் திருப்பும்போது 'டங்' என்று சத்தம் வரும். மவுண்ட் பேரிங் தேய்ந்தாலும் இதே சத்தம்தான், ஆகவே பேரிங், பம்ப் ஸ்டாப் (முட்டு ரப்பர்), தூசி உறை மூன்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் ஜோடியாக. தளர்ந்த ஷாக்கோடு விறைத்த ஸ்பிரிங்கைச் சேர்த்தால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும்.

பலர் தவறவிடுவது புஷ், அதாவது ஆர்ம் மாட்டும் இடத்து ரப்பர். ஆர்ம் புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரம் தப்பாகக் காட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். தளர்வாக விட்டு, நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு, அதுவும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்.

பின் பிரேக் குழாயில் சுமை பார்க்கும் வால்வும், அதிலிருந்து ஆர்முக்குப் போகும் கம்பியும் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். இருந்தால், உயர்ந்த வண்டியை அது 'காலி வண்டி' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். கம்பியை மறுபடி அமைக்கச் சொல்ல வேண்டும்.

சக்கர அலைன்மென்ட், ஸ்பிரிங் மாட்டிய அன்றே ஒருமுறை, ஸ்பிரிங் படிந்து 500 கி.மீ. ஓடிய பின் இன்னொரு முறை. முன்பக்கம் மட்டும் பார்த்து அனுப்பும் கடை இதற்கு ஆகாது. பின்னாலும் ஸ்ட்ரட் என்பதால் அங்கேயும் டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கும், பின் டயர் ஒரு ஓரமாகத் தேயும். நான்கு சக்கர அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்து இறக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். செய்யாவிட்டால் திருமங்கலம் ரோட்டில் எதிரே வருபவர் எல்லாம் டிப்பர் அடிப்பார்கள்.