உள்ளே வைத்த பற்றரி: மாற்றுவதா, சார்ஜ் போடுவதா?

மகளுக்கு டிஸ்டோனியா, தசைகள் தாமாக இறுகி உடம்பை முறுக்கும் நோய். 11 வயதில் வலது காலில் தொடங்கிய முறுக்கு, இரண்டு வருடத்தில் முதுகு, கழுத்து என்று ஏறிவிட்டது. 2022 டிசம்பரில் யாழ்ப்பாணம் பலாலி–சென்னை விமானம் மறுபடி ஓடத் தொடங்க, அடுத்த வருடமே சென்னையில் டிபிஎஸ் ஒப்பரேஷன் செய்தோம்; மூளைக்குள் கம்பி வைத்து, மெல்லிய கரண்டால் தூண்டும் சிகிச்சை அது. மாத்திரையா, ஊசியா, ஒப்பரேஷனா என்று நெடுநாள் யோசிக்க இருக்கவில்லை. மாத்திரையில் வாய் வறண்டு, படித்தது மறந்தது. பொட்டொக்ஸ் ஊசி 3 மாதமளவில்தான் தாங்கும். கழுத்து மட்டும் என்றால் சரி, உடம்பெல்லாம் முறுக்கினால் எத்தனை இடத்தில் குத்துவது?

எங்களை அலைக்கழித்தது பற்றரிதான். மூளைக்குள் குளோபஸ் பாலிடஸ் என்ற இடத்தில் இரு பக்கமும் மெல்லிய கம்பி வைப்பார்கள். அது காதுக்குப் பின்னால் தோலுக்கடியால் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே உள்ள ஒரு சின்னப் பெட்டியில் சேரும். பற்றரி அதற்குள். ஒரு வகை, தீர்ந்தால் வெட்டி எடுத்துப் புதுப் பெட்டி வைக்க வேண்டியது. மற்றது தோலின் மேலாலேயே சார்ஜ் ஏற்றக்கூடியது, விலை கூட.

முதல் வகை மோசமில்லை. வைத்துவிட்டு மறந்துவிடலாம். பார்க்கின்சன் வந்து தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். அவருக்கு அது 3 முதல் 5 வருடம் ஓடும். டிஸ்டோனியாவுக்குப் பெரும்பாலும் கரண்ட் கூட வேண்டும், அதனால் முந்தியே தீரும். பக்கத்துக் கட்டிலில் இருந்த மதுரைப் பெடியன் மூன்றாவது பெட்டிக்காக வந்திருந்தான்.

அங்கேதான் நான் கணக்குப் போட்டேன். 14 வயதுப் பிள்ளை. 3 வருடத்துக்கு ஒன்று என்றால் 15 வருடத்தில் ஐந்து தடவை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் விசா, விமானம், லொட்ஜ், இரண்டு பேருக்கு வேலை லீவு. காசை எப்படியும் புரட்டலாம். ஆனால் ஒவ்வொரு வெட்டும் கிருமி புகுவதற்கு ஒரு வாசல். தொற்று கம்பி வழியே ஏறினால் மூளையில் வைத்ததையும் சேர்த்துக் கழற்ற வேண்டி வரலாம். சார்ஜ் ஏற்றும் வகைக்கு 15 வருடம் என்கிறார்கள். அது கம்பனிக் கணக்கு; நாங்கள் கண்டது இரண்டு வருடம் சொச்சம்தான்.

பெரிய மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாட்டில சார்ஜ் போடுற சாமானோ?" என்றார். 2022 மார்ச்சை யார் மறப்பார்? ஆனால் கையில் பிடிக்கும் சார்ஜருக்குள்ளும் ஒரு பற்றரி இருக்கிறது. கரண்ட் உள்ள நேரம் அதை நிரப்பி வைத்தால் போதும். உள்ளே உள்ள பெட்டியும் மகளுக்கு ஒரு கிழமைக்கு மேல் தாங்குகிறது.

வெள்ளி இரவு சாய்மனைக் கதிரையில் இருந்து, தோளில் பட்டி கட்டி, போனைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவாள். சார்ஜரின் வட்டு கொஞ்சம் விலகினாலும் கீக் கீக் என்று கத்தும். "அப்பா, நழுவிட்டுது, பிடிச்சு விடுங்கோ." சித்திரை வெயிலில் அந்த இடம் சூடாகி வியர்க்கும், எரிச்சல்படுவாள்.

சாதாரணதரப் பரீட்சை நேரம் ஒரு கிழமை மறந்துபோனோம். விடிய எழும்பும்போது கழுத்து பழையபடி இடப்பக்கம் இழுத்திருந்தது. முதலில் அந்தக் கழுத்து நிமிர நாலு மாதம் எடுத்தது; திரும்ப ஓர் இரவு போதுமாக இருந்தது. டிஸ்டோனியாவில் தூண்டல் சடாரென நின்றால் உயிராபத்தான முறுக்கு வரவும் கூடும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்று காலை பட்டியைக் கட்டும்போது என் கை நடுங்கியது.

அதன்பிறகும் இதே வகையைத்தான் சொல்வேன், வீட்டில் நினைவுபடுத்த ஒருவர் இருந்தால். சார்ஜர் பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள் என்று மட்டும் ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் கேட்கவில்லை.