தலைமாட்டு மெத்தைப் பலகை: நாலு மாரி கண்ட பிறகு

2021 மாசியில், காலபோக அறுவடை முடிந்த கையோடு, எங்கள் கட்டிலுக்கு மெத்தை வைத்த தலைமாட்டுப் பலகை ஒன்றை நானே செய்தேன். கிளிநொச்சி வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்து மாணவர்களின் கொப்பி திருத்தினால் முதுகெல்லாம் சுண்ணாம்பு. அதுதான் காரணம். அழகுக்காகச் செய்யவில்லை என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

கட்டில் 5 அடி அகலம். 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் 60 அங்குலத்துக்கு 28 அங்குலமாக ஒரு துண்டு, அதன்மேல் 2 அங்குல ஸ்பொஞ்ச், அதன்மேல் வெல்வெட். கனத்த துணிகள் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில்தான் வருகின்றன. அப்படியே விரித்தால் பலகைக்கு எட்டாமல் நடுவில் தையல் விழும். துணியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டேன், 2 மீற்றர் போதுமாக இருந்தது. ஸ்பொஞ்ச் அறுக்கப் பாண் வெட்டும் கத்தியை மிஞ்சியது இல்லை. துணிக்குக் கம்பி அடிக்கும் கருவியை, ஆட்டோ இருக்கைகளுக்குக் குஷன் வேலை செய்யும் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போ, மூலை கடைசி என்று அவர் சொல்லியிருந்தார். முதல் பக்கத்திலேயே மறந்தேன். அந்தத் துணி இருந்த காலம் முழுக்க இடது மூலைச் சுருக்கம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

வன்னியில் இருந்துகொண்டு, முதிரை என்ற உறுதியான மரத்தை விட்டுவிட்டு, தலைமாட்டுப் பலகையின் இரண்டு கால்களையும் பெட்டிப்பலகையில் செய்தது என் கஞ்சத்தனம். முதல் மாரியில், கார்த்திகை மழை நாளொன்றில் கட்டிலடியைக் கூட்டும்போது, இடது காலில் விரல் தடிப்பில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. விளக்குமாற்றுக் காம்பால் தட்டினேன். கால் அப்பளம்போல் நொறுங்கியது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கறையான். பக்கத்து வீட்டில் தச்சு வேலை செய்யும் அண்ணை, கதவு நிலை இழைத்து மிஞ்சிய முதிரைத் துண்டுகள் இரண்டைத் தந்து, "தங்கச்சி, இதைத் தின்னக் கறையானுக்கு இனித்தான் பல் முளைக்க வேண்டும்" என்றார். கால்களை மாற்றும்போது சுவருக்கும் பலகைக்கும் நடுவே 1 அங்குலம் விட்டேன். அதுவரை சுவரோடு ஒட்டிக்கிடந்த பின்பக்கத்தில் பூஞ்சணம் பூத்து, ஈரச்சாக்கு மணம் வந்துகொண்டிருந்தது. கம்பிகளும் துருப்பிடித்திருந்தன. இடைவெளி விட்ட பிறகு மணம் இல்லை.

துணி விடயத்தில்தான் நன்றாகப் பட்டேன். 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது நினைவிருக்கும். மின்விசிறி ஓடாத அந்த இரவுகளில் வெல்வெட்டில் சாய்வது முதுகில் கம்பளி போர்த்தியது போல இருந்தது. எங்கள் வியர்வையோடு, மதியத்தில் வந்து சாயும் அம்மாவின் நல்லெண்ணெய்த் தலையும் சேர, வெளிர்மஞ்சள் துணியில் தலையளவுக்கு இரண்டு கருவட்டங்கள் விழுந்தன. கம்பி அடித்த துணியை எப்படித் துவைப்பது? சவர்க்கார நீரால் துடைத்தேன், வட்டம் பெரிதானது.

யாராவது செய்யப் போனால் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: ஸ்பொஞ்சின்மேல் மலிவான வெள்ளைத் துணியை அடித்துவிடுங்கள். மேலுறையைத் தலையணை உறைபோல் கழற்றி மாட்டும்படி தையுங்கள். நான் 2023இல்தான் அந்தப் புத்திக்கு வந்தேன். கடும் மண்ணிறப் பருத்தித் துணி, கீழே முடிய நாலு நாடா. மாதம் ஒருமுறை கழுவுகிறேன்.

பழைய துணியில் பத்துப் பொத்தான்கள் பதித்திருந்தேன். தையல் நூலில் கட்டியவை எட்டு மாதத்தில் ஒவ்வொன்றாகத் தெறித்தன. முல்லைத்தீவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த தங்கூசியால், அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூலால், கட்டிய பின் ஒன்றும் அசையவில்லை. ஆனால் பொத்தான் குழிகளில் கிரவல் வீதிப் புழுதி வந்து குந்தும். பழைய பல்தூரிகையால் அதைக் கிண்டுவதே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. புதிய உறையில் பொத்தான் இல்லை. பலகை கொஞ்சம் மொட்டையாகத் தெரிகிறது, தெரியட்டும்.

ஸ்பொஞ்சிலும் மலிவைத்தான் பார்த்தேன். மூன்றாம் வருடம் நடுப்பகுதி பள்ளமாகி, முதுகில் பலகை தட்டத் தொடங்கியது. உறை மாற்றும்போதே அதையும் மாற்றினேன். கடையில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகையைத் தொடுவதுபோல் விரல் அடிவரை இறங்கினால் வேண்டாம்.

இப்போது இருக்கும் ஒரே வழக்கு அந்த 1 அங்குல இடைவெளியில் குடிவந்த பல்லிகளோடு. விளக்கைப் போட்டதும் தலைக்குப் பின்னால் சத்தமிடுகின்றன. அம்மா அதற்கும் பலன் சொல்லத் தொடங்கிவிட்டார்.