அக்கிக்கு எது இதம்: காவி மண்ணா, ஈரத்துணியா?

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய், செங்காவி குழைத்து எழுதிக்கொள்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். பூசியதும் குளிர்ச்சியாக இருக்கும், உண்மைதான். ஆனால் காய்ந்ததும் தோலை இழுக்கும். கொப்புளம் உடைந்திருந்தால் மண்ணோடு கிருமியும் உள்ளே போகலாம்.

சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, நாளுக்குச் சில முறை புண்மேல் போட்டு எடுப்பதையே நான் சொல்வேன். எரிச்சலும் அரிப்பும் தணியும். ஐஸ் வேண்டாம். அப்புறம், அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது. அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸால் வருபவை; அதனால் கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம்; வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

இரண்டுமே வைரஸை அடக்காது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்தால் அன்றைக்கே போங்கள்.