எட்டும் எட்டுமா, ஒற்றைப் பதினாறா? டெஸ்க்டாப்புக்கு ரேம் ஏற்றும் முன்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இ-சேவை மையம், டிடிபி கடை, போட்டோ ஸ்டுடியோ, மாம்பழக்கூழ் ஆலையின் டேலி மெஷின் என்று எதைத் திறந்தாலும் இரண்டு வகை அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, எச்81 என்ற மதர்போர்டில் 4 ஜிபி டிடிஆர்3 (பழைய வகை ரேம்) போட்டு ஓடும், இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர் மெஷின். இன்னொன்று, எச்310 அல்லது எச்410 போர்டில் ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 (அதற்கடுத்த வகை ரேம்) செருகி, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விட்டிருக்கும் மெஷின். இரண்டிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரேம் ஏத்தலாமா, எது போடறது?" பதில் மட்டும் ஒன்றில்லை.

முதலில் குறை ரேமில்தானா என்று பாருங்கள். வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில், அதாவது பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப், போட்டோஷாப்பில் ஆல்பம் ஷீட், பின்னால் டேலி எல்லாம் திறந்திருக்கும்போது, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைத் தட்டுங்கள். 8 ஜிபி மெஷினில் 'கமிட்டட்' என்ற இடத்தில் 12, 13 என்று நின்றால் ரேம் போதவில்லை. மீதியை விண்டோஸ் டிஸ்க்கில் தள்ளி ஓட்டுகிறது. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் ஹார்டுடிஸ்க்தான் இழுக்கிறது. அங்கே எவ்வளவு ரேம் போட்டாலும் ஹேங் ஆவது நிற்காது. காசை, ஹார்டுடிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். இந்த ஒரு பார்வையைத் தவறவிட்டுவிட்டு ரேம் வாங்குவதுதான் அதிகம் காசு வீணாகும் இடம்.

அதே திரையில் ரேமின் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிடிஆர்4 மெஷின். எதிரெதிரே நிற்பவை மூன்று: இருக்கும் 8 உடன் இன்னொரு 8, இருப்பதை எடுத்துவிட்டு ஒற்றை 16, இருக்கும் 8 உடன் ஒரு 16.

முதலாவதற்கே எங்கள் ஓட்டு. காரணம் இரட்டைச் சேனல், அதாவது பிராசசர் இரண்டு ரேம் ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் இரண்டு பாதையாகப் பயன்படுத்துவது. ஐ3-9100 போன்ற பிராசசர் ரேமை 2400 வேகத்தில்தான் ஓட்டும். ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி வரை பாயும். இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் 38.4. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான வேலையும் இதே ரேமில் நடப்பதால், வித்தியாசம் வீடியோ எடிட்டிங்கிலும் கேமிலும் கண்கூடாகத் தெரியும். 3200ஜி, 5600ஜி மாதிரி ஏஎம்டி ரைசன் மெஷின் என்றால் இன்னும் அதிகமாகத் தெரியும். டேலியிலும் விண்ணப்பம் ஏற்றுவதிலும் அந்த அளவு தெரியாது; அங்கே மொத்த அளவு 16 ஆவதுதான் நிம்மதி.

ஒற்றை 16 எப்போது சரி? பின்னால் 32 ஆக்குவது உறுதி, போர்டில் இரண்டே ஸ்லாட், பழைய 8-ஐ விற்க ஆள் இருக்கிறது என்ற மூன்றும் சேரும்போது. மற்ற நேரத்தில் பழைய ஸ்டிக்கைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, பாதிப் பாதையில் ஓட்டுவதாகிவிடும்.

8 உடன் 16 சேர்ப்பதைப் பலர் கூடாது என்கிறார்கள். அது தவறு. இன்டெல் போர்டுகளில் இரண்டிலும் சமமாக உள்ள 8+8 பகுதி இரட்டைச் சேனலில் ஓடும், மிச்சமுள்ள 8 மட்டும் ஒற்றையில் ஓடும். ஸ்டுடியோவில் பெரிய ஆல்பம் ஃபைல்களோடு போராடுபவர்களுக்கு 24 ஜிபி நல்ல வழி.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குத் திரும்பியதே முக்கியக் காரணம். மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டிலிருந்து விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் ஜோடியாகப் புது கிட் வாங்குவதைவிட இருப்பதோடு ஒன்றைச் சேர்ப்பது இன்னும் நியாயமாகிறது.

சேர்ப்பதென்றால் ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிய வேண்டும். பழைய ஸ்டிக்கில் இப்படி ஒரு வரி இருக்கும்: 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-யூ. பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 வேகம். 1ஆர் என்பது ஒரு ரேங்க், அதாவது ஒன்றாக இயங்கும் ஒரு சிப் தொகுதி. எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட், ஆக எட்டு சிப்புகள். எக்ஸ்16 என்றிருந்தால் நான்கே சிப்புகள்; வேலை செய்யும், ஆனால் உள்ளே பேங்க் குழுக்கள் (சிப்புக்குள் டேட்டாவைப் பிரித்து வைக்கும் பகுதிகள்) பாதிதான் என்பதால் சற்று மந்தம். இரண்டும் ஒரே விலையென்றால் எட்டு சிப் உள்ளதை எடுங்கள். கடைசி எழுத்துதான் கவனிக்க வேண்டியது. யூ என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். ஆர் என்றால் சர்வர் ரேம். மலிவாகக் கிடைக்கும், ஆனால் நம் போர்டில் டிஸ்ப்ளேவே வராது. எஸ் என்றால் லேப்டாப்புக்கான குட்டி ஸ்டிக். பழைய ஆபீஸ் மெஷின்களில் கையளவு சின்ன கேபினட்டும் ஆல்-இன்-ஒன்னும் இந்தக் குட்டி ஸ்டிக்கைத்தான் எடுக்கும். வாங்கப் போகும் முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. 3200 ஸ்டிக்கை எச்310 போர்டில் போட்டால் 2400 அல்லது 2666-க்கு இறங்கி ஓடும், பிராசசர் விடுமளவுதான். வேறு வேறு வேகமுள்ள இரண்டைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். மின்னும் விளக்கு, பளபளக்கும் உறை எல்லாம் இந்த போர்டுகளில் வெறும் அலங்காரம்.

டிடிஆர்3 மெஷினுக்குக் கணக்கே வேறு. எச்81 போர்டு ஸ்லாட்டுக்கு 8 வீதம் 16 ஜிபி வரை ஏற்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி, ஒருசில மாடல் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாது. டிடிஆர்4 ஸ்டிக்கை நாளைக்கு வேறு டிடிஆர்4 போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். டிடிஆர்3-க்கு அந்தப் போக்கிடம் இல்லை. அதனால் 4 ஜிபியில் திணறும் மெஷினுக்குப் பழைய 4 ஜிபி ஸ்டிக் ஒன்றைச் சேர்த்து 8 ஆக்குவதோடு நிறுத்துங்கள். 32-பிட் விண்டோஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது 4 ஜிபிக்கு மேல் தொடாது, போட்ட ரேம் சும்மா இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: ஆன்லைனில் ரொம்ப மலிவாக வரும் 8 ஜிபி டிடிஆர்3-இல் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். இன்டெல் போர்டில் அது எடுக்காது.

எங்கே வாங்குவது? ஓசூரிலிருந்து பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்பி ரோடு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு. அங்கே விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் ஸ்டிக் சேராமல் போனால் திரும்பப் போகும் பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் கணக்கில் வர வேண்டும். ஒற்றை ஸ்டிக் சேர்ப்பவர்கள், கேபினட்டைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்கக்கூடிய உள்ளூர்க் கடையையே நாடுங்கள். ஐந்தாறு மெஷினுக்கு மொத்தமாக என்றால் எஸ்பி ரோடு சரி. ஸ்டிக் மேலுள்ள ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள்.

மாட்டும்போது மின்சார ஒயரை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள்; உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கை விளிம்பில் பிடியுங்கள். பள்ளம் பொருந்தும் பக்கம் பார்த்து, இரு முனையையும் சம அழுத்தத்தில் 'டக்' என்று கேட்கும்வரை அமுக்குங்கள். சில போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம்தான் இருக்கும். அசையாத பக்கம் முழுசாக இறங்கியிருக்காது, அதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

டிஸ்ப்ளே வரவில்லை, பீப் அடிக்கிறது என்றால் பதற வேண்டாம். பழைய ஸ்டிக்கை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு புதியதை மட்டும், பிறகு ஸ்லாட்டை மாற்றி. கிரானைட் பாலிஷ் பட்டறை பக்கத்தில் இருக்கும் கடைகளில் ஸ்லாட்டுக்குள் மாவு மாதிரித் தூசி படிந்திருக்கும். புளோயரால் ஊதுங்கள், விசிறிகள் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு. ஸ்டிக்கின் தங்கநிறக் கால்களை மென்மையான வெள்ளை ரப்பரால் போர்டிலிருந்து தள்ளி வைத்துத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பூச்சு போய்விடும். புது டிடிஆர்5 மெஷினில் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்கிறது, நடுவில் அணைக்காதீர்கள்.

விண்டோஸ் திறந்து 16 ஜிபி என்று காட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். பழுதுள்ள ரேம் சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும். டேலி டேட்டாவில் அது நேர்ந்தால் ஒரு சீசன் கணக்கே குழம்பும். டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, யுபிஎஸ்ஸில் மெஷினை மாட்டி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை இரவு ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு எரர் சிவப்பில் நின்றாலும் அந்த ஸ்டிக்கைக் கழற்றி, பில்லோடு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.