ஸ்காட்லாந்துத் தீவில் காட்டேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு: என் 480 பவுண்டு போன கதை

480 பவுண்டு. காட்டேஜ் வாடகை இல்லை, அது தனி. காட்டேஜைச் சுற்றிப் பார்க்கவும் விளையாடவும் என்று ஒரு பேக்கேஜை எங்கள் தலையில் கட்டினார்களே, அதற்கு மட்டும் 480 பவுண்டு. ஞாயிறு ராத்திரிதான் கிளாஸ்கோ வந்து சேர்ந்தோம். இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் இன்று காலை அவர்களிடமிருந்து மறுபடியும் ஒரு மழுப்பல் மெயில். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் போனது மல் தீவு. ஓபனில் காரோடு கப்பல் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கிரெய்க்னூர். அங்கிருந்து தீவின் தென்மேற்கு முனைக்கு ஒற்றைத் தடச் சாலையில், எதிரே வண்டி வரும்போதெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். காட்டேஜைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தால் புல்வெளி, அதைத் தாண்டினால் வெள்ளை மணல், நடுநடுவே இளஞ்சிவப்பு கிரானைட் பாறை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் சாயங்காலம் முழுக்க வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஏமாற்றியது இடையில் இருந்த நிறுவனம். விடுமுறை வீடுகளை ஆன்லைனில் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பவர்கள். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. மே மாதம் வீட்டைப் பதிவு செய்த மறுநாளே அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். ஐந்து பேருக்கு ஸ்டாஃபா, லுங்கா என்ற பக்கத்துக் குட்டித் தீவுகளுக்குப் படகு, துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகான கயாக் இரண்டு, நான்கு சைக்கிள், ‘தனியார் கடற்கரை அனுமதி’ என்று ஒன்று, எல்லாம் சேர்த்து 510 பவுண்டு என்றார். நான் யோசித்தேன். அப்போது அவர், “குழந்தைகள் உண்டா, என்ன வயது?” என்று கேட்டார். பெண்ணுக்கு ஏழு, பஃபின் என்ற கடற்பறவை என்றால் உயிர் என்று சொன்னேன். “அப்படியானால் லுங்காவை விடவே விடாதீர்கள், உங்கள் மகள் புல்லில் உட்கார்ந்தால் போதும், கை நீட்டும் தூரத்தில் வந்து நிற்கும்” என்றார். ஆகஸ்ட் கடைசி வாரம்தானே வருகிறோம், அப்போதும் இருக்குமா என்று நான் வாய்விட்டே கேட்டேன். “கவலையே படாதீர்கள், நானே என் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். பிள்ளைகளை வைத்து ஒரு தாய் பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? கார்டு வேண்டாம், வங்கிக் கணக்குக்கு நேராகப் போட்டால் 30 பவுண்டு குறைக்கிறேன் என்றார். அன்றைக்கே 480 பவுண்டைப் போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை ஃபியன்ஃபோர்ட் படகுத்துறைக்குப் போனோம். படகுக்காரர் பட்டியலை மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பார்த்தார், எங்கள் பெயர் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார். அப்புறம் என் மகள் கையில் இருந்த பைனாகுலரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னார்: பஃபின்கள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடலுக்குப் போய்விடும், இனி அடுத்த ஏப்ரலில்தான் கரைக்கு வரும். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தீவில் வீடு வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு மட்டும் தெரியாதா? சரி, ஸ்டாஃபா குகையாவது பார்க்கலாம், அந்த அறுகோணப் பாறைத் தூண்களையாவது பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றால் அன்றும் மறுநாளும் படகில் இடமில்லை, அதற்கடுத்த நாள் அலை அதிகம் என்று படகே போகவில்லை. “பஃபின் எங்கப்பா?” என்று காரில் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் என்ன சொல்வது?

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைத் திறந்தேன். ஒரே ஒரு கயாக். அதன் அடிப்பாகத்தில் என் உள்ளங்கை நீளத்துக்கு விரிசல், மேலே வெள்ளி நிற டேப் ஒட்டி, அந்த டேப்பும் பாதி உரிந்து தொங்கியது. சைக்கிள் நான்கல்ல, இரண்டு. இரண்டிலும் செயின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இன்னொன்று, அந்தத் ‘தனியார் கடற்கரை’. அதற்கு மட்டும் ரசீதில் 60 பவுண்டு. நாயோடு நடந்து வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் எதுவரை எங்கள் எல்லை என்று கேட்டேன், அவருக்குப் புரியவே இல்லை. ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பிறருக்குத் தொந்தரவில்லாமல் யார் வேண்டுமானாலும் கடற்கரையில் நடக்கலாம். காசு கொடுத்து வாங்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

அங்கிருந்தே புகார் அனுப்பினேன். முதல் பதில், ஐந்து வேலை நாள் ஆகும். இரண்டாவது, படகு எங்கள் பொறுப்பல்ல, வெளி ஆட்கள். மூன்றாவது, வானிலைக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. எந்த வானிலை? டிக்கெட்டே போடவில்லையே! போனில் பேசிய பெண்ணைக் கேட்டால் அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். இன்று காலை வந்ததுதான் உச்சம்: 480 பவுண்டு என்பது ‘ஏற்பாட்டுக் கட்டணம்’, திருப்பித் தர இயலாது, நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பதிவுக்கு 25 பவுண்டு வவுச்சர். வங்கியைக் கேட்டால், வீடு இருந்தது, தங்கினீர்கள், இது மோசடி ஆகாது, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள தகராறு என்று கைகழுவிவிட்டார்கள்.

அந்த வாரத்தில் உருப்படியாக நடந்தது பக்கத்து அயோனா தீவுக்குப் போனதுதான். ஃபியன்ஃபோர்ட்டிலிருந்து பத்து நிமிடக் கப்பல், காரைக் கரையிலேயே விட்டுவிட்டு நடந்து போக வேண்டியதுதான், முன்பதிவு ஒன்றும் இல்லை. கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து கொலம்பா என்ற கிறிஸ்தவத் துறவி வந்து மடம் அமைத்த இடம். அம்மா அந்த மடாலயத்துக்குள் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் வடக்குக் கடற்கரையில் சிப்பி பொறுக்கினார்கள். எந்த நிறுவனமும் நடுவில் இல்லை.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, மறுபடி அவர்களுக்குப் போன் போட வேண்டும். முக்கியமானது மட்டும். படகை நடத்துபவரிடமே நேராகப் பதிவு செய்யுங்கள், சீசனில் சில வாரம் முன்பே. வீட்டு விளம்பரத்தில் குறுகிய கால வாடகை உரிமம் எண் இருக்கிறதா பாருங்கள், ஸ்காட்லாந்தில் அது கட்டாயம். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில்தான் கட்டுங்கள், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு கம்பெனியிடமே பணத்தைக் கேட்கலாம். நான் 30 பவுண்டு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அந்த வழியை அடைத்துவிட்டேன். போனில் சொன்னதை எல்லாம் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆகஸ்ட் நடுவுக்கு மேல் பஃபின் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள்.