மாதாந்தரச் சரக்கு வணிக அறிக்கை: முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் படியுங்கள்

காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒன்றுக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். பத்தொன்பது வருடமாக மாதம் தவறாமல் பார்க்கிறேன். இவ்வளவு நாள் பழகிய பொருளைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அதோடு எனக்கு இன்னொரு உறவும் இருக்கிறது. சரக்கைச் சுங்கத்தில் இருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், சரக்கு விவரத்தைச் சுங்கத்துக்குச் சொல்லும் டிக்ளரேஷன் போடுவது என் வேலை. நானும் என்னைப் போன்றவர்களும் சுங்கத்துக்காகத் தட்டச்சு செய்கிற மதிப்பு, எடை, நாடு, பொருள் எண் எல்லாம் கூட்டலாகி, சில வாரம் கழித்து நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதியைச் சொல்லும் அந்த மாத அறிக்கையாகத் திரும்பி வருகின்றன. எந்த நாட்டு அறிக்கை என்று சொல்லப்போவதில்லை. எல்லா நாட்டிலும் இதன் அச்சு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் முதல் பக்கம். ஏற்றுமதி இவ்வளவு, இறக்குமதி இவ்வளவு, பற்றாக்குறை இவ்வளவு. இதற்கு என் மார்க் ஐந்துக்கு ஒன்றரை. கணக்குத் தப்பு என்பதால் இல்லை. ஒரு மாதக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதால். சரக்கு எந்த மாதக் கணக்கில் ஏறும் என்பதைப் பெரும்பாலும் சுங்கத்தில் கிளியர் ஆன தேதிதான் முடிவு செய்கிறது. பணம் கட்டிய நாளோ, கப்பல் கரை தொட்ட நாளோ இல்லை. மாதக் கடைசியில் துறைமுகத்தில் இரண்டு நாள் நெரிசல் என்றால் ஒரு தொகுதி கன்டெய்னர்கள் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். சின்ன நாடு ஒன்று இரண்டு விமானம் வாங்கினால் அந்த மாத இறக்குமதி தனியாக எகிறி நிற்கும். மறுநாள் செய்தியில் அது ‘அதிர்ச்சி’ ஆகிவிடும். விடுமுறை வேறு தேதிக்கு நகர்வதும் இதே வேலையைச் செய்யும். சந்திரப் புத்தாண்டு ஒரு வருடம் ஜனவரியிலும் அடுத்த வருடம் பிப்ரவரியிலும் வருவதால், சீனச் சுங்கத் துறை சில வருடங்களாக அந்த இரண்டு மாதங்களையும் சேர்த்தே வெளியிடுகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

தங்கம் தனிக் கதை. சின்னப் பெட்டியில் பெரிய மதிப்பு. வந்தாலும் போனாலும் மொத்தத்தையே ஆட்டி வைக்கும். சுவிட்சர்லாந்து தன் கணக்கைத் தங்கம் போன்றவற்றைச் சேர்த்து ஒன்று, நீக்கி ஒன்று என இரண்டாகக் கொடுப்பது இதனால்தான். நான் பார்க்கிற அறிக்கையில் அந்த வசதி கிடையாது. பொருள் எண்களில் தங்கமும் நகையும் இருக்கிற 71-ஆம் அத்தியாயத்தை நானே கழித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் எஃப்ஓபி, சிஐஎஃப் விவகாரம். பல நாடுகளில் ஏற்றுமதியைத் தன் துறைமுகத்தில் கப்பல் ஏற்றும் வரைக்குமான மதிப்பில் போடுகிறார்கள், அது எஃப்ஓபி. இறக்குமதியைக் கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்துப் போடுகிறார்கள், அது சிஐஎஃப். ஒரே மதிப்புள்ள சரக்கு போய், அதே மதிப்புள்ள சரக்கு வந்தாலும் ஏட்டில் பற்றாக்குறை தெரியும். அமெரிக்கா மாதிரி சில நாடுகள் இறக்குமதியிலும் கப்பல் கட்டணத்தைச் சேர்க்காத மதிப்பைத்தான் முன்னால் வைக்கின்றன. ஆகவே இரண்டு நாட்டு அறிக்கைகளை அருகருகே வைத்துக் கழிப்பதற்கு முன் அடிக்குறிப்பைப் படித்துவிடுவது நல்லது. அடிக்குறிப்போ எறும்பு அளவு எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு அரை மார்க் குறைத்தேன்.

இப்போது நல்ல பக்கம். பொருள்வாரி அட்டவணைக்கு ஐந்துக்கு ஐந்து, தாராளமாக. பொருள்களை வகைப்படுத்த உலகச் சுங்கத் துறைகள் பயன்படுத்துகிற எச்எஸ் எண்களில் மொத்தம் 97 அத்தியாயம். அதில் 77 மட்டும் பிற்காலத்துக்காகக் காலியாக விட்டது. ஆறு இலக்கம் வரைக்கும் உலகம் முழுக்க ஒரே எண், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு எட்டோ பத்தோ இலக்கமாக நீட்டிக்கொள்ளும். நான் அறிக்கை வந்ததும் நேராக 27-க்குப் போவேன், எண்ணெயும் எரிவாயுவும் அங்கே. இங்கே கூடினால் அளவு கூடியதா, விலை கூடியதா என்று எடை நிரலையும் பார்க்க வேண்டும். பாதிப் பேர் பார்ப்பதில்லை. பிறகு 84, இயந்திரங்கள். பற்றாக்குறை கூடிய மாதத்தில் இந்த வரி பெருத்திருந்தால் எனக்குக் கவலை வராது. எங்கோ ஆலைக்கு மெஷின் இறங்குகிறது என்று அர்த்தம். பற்றாக்குறையை வீட்டு நஷ்டக் கணக்கு போலப் பேசுகிறவர்களிடம் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

ஒரு எச்சரிக்கை. சில வருடங்களுக்கு ஒருமுறை எண்களை மாற்றுவார்கள். 2022 திருத்தத்தில் ஸ்மார்ட்போனுக்கு 8517.13 என்று தனி எண் வந்தது. அதுவரை எல்லா மொபைலும் 8517.12-இல் ஒன்றாகக் கிடந்தன. பழைய எண்ணைத் தேடினால் வணிகமே நின்றுபோன மாதிரி பூஜ்யம் காட்டும். நான் ஒருமுறை அப்படிப் பயந்திருக்கிறேன்.

நாடுவாரி அட்டவணைக்கு மூன்று. இறக்குமதியில் நாடு என்பது பொதுவாகப் பொருள் உருவான நாடு, ஏற்றுமதியில் தெரிந்தவரைக்கும் கடைசியாகப் போய்ச் சேரும் நாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்வாய்ஸ் சிங்கப்பூரில் இருந்து வந்ததால் சரக்கு பிறந்த இடமும் சிங்கப்பூர் என்று போட்டுவிட்டேன். சரக்கு வியட்நாமில் செய்தது. திருத்தம் போட்டு, திட்டும் வாங்கினேன். என்னைப் போல் எத்தனை பேர் போட்டு, யாரும் கவனிக்காமல் போனதோ! ஹாங்காங் வழியாகவும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் வழியாகவும் வேறு நாட்டுக்குப் போகிற சரக்குகளில் இந்தக் குழப்பம் பெரிய அளவிலேயே உண்டு. அதனால்தான் ‘உனக்கு நான் விற்றது இவ்வளவு’ என்று ஒரு நாடும், ‘நான் வாங்கியது வேறு’ என்று மறு நாடும் சொல்லும். இரண்டும் நேர்மையாகச் சொன்னதாகவே இருக்கலாம்.

திருத்தங்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதலில் வருவது தற்காலிக எண். பிந்தி வந்த ஆவணங்கள் சேரும், பிழைகள் நீங்கும். 2024 நவம்பருக்கு இந்தியாவின் தங்க இறக்குமதி முதலில் சுமார் 1,480 கோடி டாலர் என்று வந்தது. பிறகு சுமார் 980 கோடி டாலராகத் திருத்தினார்கள். பற்றாக்குறையில் 500 கோடி டாலர் அப்படியே கரைந்தது. தலைப்புச் செய்தி வந்த வேகத்துக்குத் திருத்தச் செய்தி வரவில்லை. ஆனாலும் திருத்தியதை வெளியே சொல்கிற அலுவலகத்தை நான் நம்புவேன். வருடக்கணக்கில் ஒரு எண்ணும் மாறாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

என் சொந்தப் புகார் எக்செல் கோப்பு. நான் பயன்படுத்துகிற தளத்தில் போன வருடம் நிரல்களின் வரிசையை மாற்றிவிட்டார்கள், அறிவிப்பு எதுவும் இல்லை. மூன்று மாதம் எடையை மதிப்பு என்று நினைத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். மேலாளரிடம் அதை வைத்து ஒரு வரைபடம் வேறு காட்டியிருந்தேன்.

எட்டு இலக்க வரிகளில் ஒன்று எனக்கு நெருக்கமானது. அந்தப் பொருளைக் கொண்டுவருகிறவர் எனக்குத் தெரிந்தவரை எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்தான், அதனால் அந்த வரியைப் படிப்பது அவருடைய கணக்குப் புத்தகத்தை எட்டிப் பார்ப்பது போல. சில நாடுகளில் இப்படிப்பட்ட வரிகளை ரகசியம் கருதி மறைத்துவிடுவார்கள், இங்கே மறைக்கவில்லை. போன மாதம் அந்த இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. வியாபாரம் படுத்துவிட்டதா என்று ஒருவர் அவரிடமே கேட்டாராம். கன்டெய்னர் முப்பதாம் தேதியே வந்துவிட்டது. நான் கிளியர் செய்தது இரண்டாம் தேதி.