"வீட்டுக்குப் போக வேண்டும்": ஒரு வாக்கியம், நான்கு சிகிச்சை முறைகள்

மாலை ஐந்து மணி ஆனால் என் மாமியார் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "வீட்டுக்குப் போக வேண்டும், அப்பா தேடுவார்." அவருடைய அப்பா இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நிற்பதோ சொந்த வீட்டு வாசலில். மறதிநோய் உள்ளவர்கள் இருக்கும் பல வீடுகளில் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் ஒலிக்கிறது. இதற்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் மருந்தில்லாச் சிகிச்சை முறைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

பழைய பதில், திருத்துவது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஜேம்ஸ் ஃபோல்சம் என்ற மனநல மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. 'ரியாலிட்டி ஓரியன்டேஷன்' என்று பெயர். நாள், கிழமை, இடம், பெயர் ஆகியவற்றைச் சலிக்காமல் நினைவூட்டுவார்கள். சுவரில் பலகை மாட்டி அன்றைய தேதியை எழுதிவைப்பார்கள். இந்த முதியவர்களோடு பேசினால் பயன் உண்டு என்று நம்பியதற்காகவே ஃபோல்சமுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். ஆனால் வாசலில் நிற்பவரிடம் "உங்கள் அப்பா இறந்துவிட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது அந்த நிமிடம் வந்த சாவுச் செய்தி. நாளைக்கும் அப்படித்தான் வரும்.

நம் ஊரில் இந்த முறையைக் காசு வாங்காமல் நடத்துபவர்கள் உறவினர்கள். செருப்பைக் கழற்றும் முன்பே, "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்?" அத்தை சிரித்துச் சமாளிப்பார். அவர்கள் போனபின் அரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்.

நேர் எதிர்த்திசையில் நிற்பவர் நவோமி ஃபைல். 1932இல் மியூனிக்கில் பிறந்து, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பெற்றோர் பணியாற்றிய முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். 1960களில் தொடங்கி அவர் உருவாக்கிய 'வாலிடேஷன்' முறை திருத்துவதைக் கைவிட்டு, சொல்லுக்கு அடியில் இருக்கும் உணர்ச்சியைப் பிடிக்கச் சொல்கிறது. "அப்பா தேடுவாரா? நேரமானால் கோபிப்பாரா, அத்தை?" என்று கேட்க வேண்டும். இதைப் பொய் சொல்வது என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "அப்பா இப்போதுதான் போன் செய்தார்" என்பதை ஃபைல் ஏற்றதே இல்லை. உள்ளுக்குள் ஏதோ ஓர் ஆழத்தில் அவர்களுக்கு உண்மை தெரியும் என்பது அவர் கட்சியாக இருந்தது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லம் வாசலில் பஸ்ஸே வராத பஸ் நிறுத்தம் ஒன்றை அமைத்தது. வெளியே ஓட நினைப்பவர் அங்கே உட்கார்ந்திருப்பார், ஊழியர் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுப்பார். எனக்கு அந்த யோசனை பிடிக்கும். ஆனால் அதுவும் ஒருவகைப் பொய்தான், ஃபைலின் வழி அன்று.

இந்த முறையின் பலவீனம் சான்று. நடந்த ஆய்வுகள் சிறியவை, சில மட்டுமே. பலன் உண்டு என்று அடித்துச் சொல்ல அவை போதவில்லை.

மூன்றாவது, பழைய நினைவுகளைப் பேசவைப்பது. முதியவர்கள் கடந்த காலத்தையே பேசுவது புத்தி தளர்வதன் அடையாளம் என்று கருதப்பட்டிருந்தபோது, அது வாழ்க்கையைத் தாங்களே திரும்பிப் பார்க்கும் இயல்பான வேலை என்று 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதினார். அதிலிருந்து கிளைத்தது இது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட அலசலில் பலன்கள் சிறியவையாகவும் சீரற்றவையாகவும் இருந்தன. வீட்டில் இதைச் செய்வது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. ஆல்பத்தைத் திறந்து "இது யார்?" என்று கேட்டால் மறுபடியும் பரீட்சை. எங்கள் வீட்டில் ஆல்பத்தைவிட முருங்கைக்கீரை நன்றாக வேலை செய்கிறது. முறத்தில் போட்டுக் கையில் கொடுத்தால் விரல்கள் தாமாக உருவும். பேச்சு பின்னாலேயே வரும். சில சமயம் அழுகையும் வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நான்காவதுதான் சான்றில் முந்தி நிற்கிறது: அறிவுத் தூண்டல் சிகிச்சை, ஆங்கிலத்தில் 'காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி', சுருக்கமாக சி.எஸ்.டி. எமி ஸ்பெக்டர் குழுவினர் 201 பேரை வைத்துச் செய்த பிரிட்டிஷ் ஆய்வு 2003இல் வெளியானது. வாரம் இரண்டு குழு அமர்வு, ஏழு வாரம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். அறிவுத்திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அறிவுத்திறனில் கிடைத்த பலன் அப்போது புழக்கத்தில் இருந்த மாத்திரைகளோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஆரம்ப, நடுத்தர நிலையினருக்கு இதைப் பரிந்துரைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இது ஃபோல்சமின் பழைய முறையிலிருந்தே கிளைத்தது. மாற்றியது கேள்வியை: தகவல் கேட்காதே, கருத்துக் கேள். "இன்று என்ன கிழமை?" என்பதற்குத் தப்பான விடை உண்டு. "இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா?" என்பதற்குக் கிடையாது.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தினர் இதை நம் சூழலுக்கேற்பத் தழுவி, முன்னோட்ட ஆய்வை 2017இல் வெளியிட்டார்கள். ஆனால் குழு வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும், அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். வீட்டிலேயே தனியாகச் செய்தால் என்ன? நோயாளியும் பார்த்துக்கொள்பவருமாக 356 ஜோடிகளை வைத்து அதையும் பிரிட்டனில் பார்த்தார்கள். நோயாளியின் அறிவுத்திறன் கூடவில்லை. பார்த்துக்கொள்பவரோடு உள்ள உறவும், பார்த்துக்கொள்பவரின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. எனக்கு அது சின்னதாகத் தோன்றவில்லை.

ஆகவே என் தேர்வு இது. ஆரம்ப நிலையில், எட்டும் தூரத்தில் குழு இருந்தால் யோசிக்காமல் சி.எஸ்.டி.க்கு அனுப்புங்கள். எங்களுக்கு நோய் என்று புரிந்தபோதே அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. வயதானால் மறதி சகஜம் என்று இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டோம். ஃபோல்சமிடமிருந்து பெரிய எழுத்து நாள்காட்டியை மட்டும் எடுத்துக்கொண்டோம். கலக்கம் திடீரென்று ஒன்றிரண்டு நாளில் கூடினால் எந்த முறையையும் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம்.

ஐந்து மணிக்கு, சான்று குறைவு என்று தெரிந்தே, ஃபைலின் பக்கம் சாய்கிறேன். அப்பாவைப் பற்றிக் கேட்கிறேன். பாதி நாள் பேச்சிலேயே உள்ளே வந்துவிடுகிறார். எடுபடாத நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை இருவரும் நடந்துவிட்டு வருகிறோம்.